நெஞ்சளவு வெந்நீர்

மூன்றாவது முறை கொல்லைக் குளத்தின் மேற்குச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது சந்திரவடிவுக்கு இடது கால் இல்லாமல் போனது. வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை, வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்கு அணைந்ததுபோல அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கடியில் கால் இருந்தது, பூப்போட்ட நைட்டிக்குக் கீழே, கறுப்புத் தரையின்மேல், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன பொருளைப்போல. நட, என்று சொல்லிப் பார்த்தாள். வலது கால் ஓரடி வைத்தது, வைத்த இடத்தில் அதுவும் மடங்கியது, உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்து முகம் தண்ணீரைத் தொட்டபோது கை தானாகப் போய்ச் சுவரோரக் குழாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. வலது கை. நல்லவேளை, வலது கை. இடது கையும் காலோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது, விரல்கள் விரிந்தபடி மிதந்தன. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே முழங்கையை நுழைத்து மடக்கித் தொங்கிக்கொண்டாள். நெஞ்சளவுத் தண்ணீர். எதிர்மூலையில், பதினாறடி தள்ளி, படிக்கட்டு. படிக்கட்டுக்கு மேலே அவளுடைய வாக்கர், நாலு கால்களில் வெயிலில் நின்றுகொண்டு, வா என்று கூப்பிடுவதுபோல. பதினாறடி. ஒரு வகுப்பறையின் நீளம்கூட இல்லை. கரும்பலகையிலிருந்து நாலாவது பெஞ்சுவரை எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பாள், ஒரு தடவையாவது அதைத் தூரம் என்று நினைத்திருப்பாளா. பதறாதே, என்று சொல்லிக்கொண்டாள், பதறினால் உடம்பு இன்னும் சூடாகும், சூடானால் இருக்கிற கையும் போய்விடும். அவர் வந்துவிடுவார். இரண்டு மணிக்குக் கிளம்பினார், ஒரு மணிநேரம் என்றார். இப்போது மணி என்ன? போன் நாற்காலியில் இருந்தது, துண்டின்மேல், கையெட்டாத நாற்காலியில்.

சுடவில்லை, அதுதான் வேடிக்கை. வெந்நீர் என்றால் சுட வேண்டும், காலை இழுத்துக்கொள்ளத் தோன்ற வேண்டும். இது எதுவுமே தோன்றாத தண்ணீர். காலையில் வீட்டுக்காரர் பால்துரை கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து முப்பத்தஞ்சு என்றார், இந்நேரம் முப்பத்தேழு இருக்கும், அவள் உடம்பும் முப்பத்தேழு. உடம்பு எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தோல் கண்டுபிடிக்க முடியாமல் விழித்தது. ஒரே வெப்பநிலையில் இருக்கிற இரண்டு பொருள்களுக்கு நடுவே வெப்பம் பாயாது, பிளஸ் ஒன் இயற்பியல், பதினெட்டு வருஷம் இதையே சொல்லிக்கொடுத்தாள். உள்ளே ஊறுகிற சூடு வெளியே போக வழியில்லை, வெளியேயும் அதே சூடு. கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள். கடல்காற்று காலையிலிருந்து எழவில்லை, உப்பளப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கூச்சம் மட்டும் வந்து கண்ணில் குத்தியது. கறுப்பு ஷீட் போடாதீங்க என்று அன்றைக்கே சொன்னாள். உப்பளத்துப் பாத்தியில் விரிக்கிற கனத்த கறுப்பு ஷீட், மிச்சமான சுருள் ஒன்று தெரிந்தவரிடம் மலிவாகக் கிடைத்தது என்று தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். கறுப்பு வெயில உறிஞ்சும்ங்க. உறிஞ்சட்டுமே, இதென்ன உப்பா காய்ச்சப் போறோம். இப்போது என்ன காய்ச்சுகிறோம், என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வரும்போது முழங்கை நழுவியது, சிரிப்பை விட்டாள்.

பால்துரை மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார், எரிந்துபோன எந்த மோட்டாரையும் பிரித்துச் செப்புக்கம்பி சுற்றி ஓடவைத்துவிடுவார், ஓடாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. ஓடாமல் போனது பெண்டாட்டியின் கால் என்றபோதும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார். மதுரையில் நரம்பு டாக்டர் சொன்னதை அவள் அழுதுகொண்டே கேட்டாள், அவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். நரம்புக்கு மேலே ஒரு உறை இருக்கு, ஒயருக்கு மேலே இன்சுலேஷன் மாதிரி, அது அங்கங்க உரிஞ்சு போச்சு. இன்சுலேஷன் என்றதும் பால்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார், தனக்குத் தெரிந்த சங்கதி என்பதுபோல. உடம்பு சூடாகக் கூடாதும்மா, அரை டிகிரி ஏறினாலும் கையும் காலும் சொன்னபடி கேட்காது, உடம்பு குளிர்ந்தா திரும்பி வந்துரும், பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துல இந்த நோயா இல்லையான்னு பார்க்க வெந்நீர்த் தொட்டியிலதான் உட்கார வைப்பாங்க, எழுந்திருக்க முடியலைன்னா இதுதான்னு முடிவு பண்ணுவாங்க. டாக்டர் அதைக் கதைபோலச் சொல்லிச் சிரித்தார். யாரோ ஒரு பெண், எந்த ஊரிலோ, தொட்டியில் உட்கார்ந்தபடி, எழுந்திரு என்று சுற்றி நிற்கிறவர்கள் சொல்ல எழுந்திருக்க முடியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருப்பாள். அவளை அப்புறம் யார் தூக்கிவிட்டார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. தண்ணிக்குள்ள நடங்க, குளிர்ந்த தண்ணி, இருபத்தெட்டு இருபத்தொன்பது, உடம்பு கனமே தெரியாது என்றார். அப்படித்தான் இந்தக் குழி வந்தது. வாழைகள் நின்ற கொல்லையில், வாழையை வெட்டிவிட்டு, ஆள் வைத்துத் தோண்டி, செங்கல் கட்டி, ஷீட் விரித்து, பதினாறடி நீளம் பத்தடி அகலம் நாலடி ஆழம். முதல்நாள் இறங்கி நடந்தபோது அவள் சத்தம்போட்டு அழுதாள், வாக்கர் இல்லாமல், சுவர் இல்லாமல், நடு இடத்தில் இரண்டு காலில் நின்றாள். அது தை மாசம். தை மாசத்தில் தண்ணீர் நல்லவர்களைப்போல நடந்துகொண்டது.

சித்திரை பிறந்ததிலிருந்து அது மாறிவிட்டது. அவர் செய்யாத வேலை இல்லை. பச்சை வலை கட்டினார், வலைக்கு மேலே தென்னை ஓலை போட்டார், ஓலை போதவில்லை என்று அவளுடைய பழைய வாயில் புடவைகளை நீளநீளமாகத் தைத்து விரித்தார், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன புடவைகள், சாயம்போன வானம்போல தலைக்குமேல் தொங்கின. பழைய மோட்டார் ஒன்றைச் சுற்றி எடுத்து, குழாயில் ஓட்டை போட்டு, தண்ணீரை மேலே பீய்ச்சி விழச்செய்தார், விழுகிற தண்ணீர் ஆவியாகிக் குளிரும், கணக்குச் சரிதான், ஆனால் இந்த ஊர்க் காற்றே பாதி தண்ணீர், இன்னும் எவ்வளவு ஆவியை வாங்கிக்கொள்ளும். ராத்திரி பூராவும் ஓட்டினால் இரண்டு டிகிரி இறங்கும், மத்தியானத்துக்குள் மூன்று ஏறும். போர்வெல் தண்ணீர் விட்டு மாற்றலாம் என்றால் போர்வெல்லே ஊறாமல் மூச்சுத் திணறியது. குளிர்விக்கிற மெஷின் விலையைக் கேட்டுக்கொண்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. தினமும் காலையில் தெர்மாமீட்டர், தினமும் வேண்டாம் வடிவு இன்னைக்கு வேண்டாம். பதினோரு நாள். பதினோரு நாளாக அவள் நடக்கவில்லை, கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், இடுப்புக்குக் கீழே விறகு கட்டினதுபோல. இன்றைக்கு ஐஸ் என்றார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஐஸ் கம்பெனி, பார் என்கிற பெரிய பெரிய பாளங்களாக, ஒரு குட்டி யானை வண்டியில் பத்துப் பார். “நான் வாரது வரைக்கும் எறங்கிராத, கேட்டியா. தண்ணி கொதிக்குது.” கேட்டேன் என்றாள். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

ஏன் இறங்கினாய்? இதை அவர் கேட்பார், டாக்டர் கேட்பார், தெருவே கேட்கும். நேற்றுச் சாயங்காலம் அவர் வாசலில் நின்று தம்பியோடு போனில் பேசியது சன்னல் வழியே வந்தது. குழிய மூடிரலாம்னு பாக்கேன்டா, ரெண்டு லோடு மண்ணு அடிச்சா முடிஞ்சது, வேற வழி தெரியல. அவ்வளவுதான் சொன்னார். அவள் கட்டிலில் படுத்தபடி, ஒன்றும் கேட்காதவள்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இந்தக் குளம் அவருடைய பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தாள், அவர் ஆசைக்காகத்தான் இறங்குகிறோம் என்று, அவர் கை முதுகுக்குப் பின்னால் ஓயாமல் நிற்க, விழுந்துராத, மெதுவா, மெதுவா என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வர. மண் அடிப்பது என்றதும்தான் தெரிந்தது, அது தன்னுடையது. மேலே இருக்கிற உலகத்தில் அவளுக்கென்று ஒரு சாண் இடம் இல்லை, கக்கூசுக்குக்கூட அவர் கை வேண்டும், இங்கே மட்டும்தான். மூடுவதற்கு முன்னால் ஒருதடவை தனியாக. அந்தக் கை இல்லாமல், மெதுவா இல்லாமல். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். முதல் நடை நன்றாக இருந்தது. அய்யோ அது எவ்வளவு நன்றாக இருந்தது. கையை வீசிக்கொண்டு, பள்ளிக்கூட மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமிலிருந்து வகுப்புக்குப் போகிற வேகத்தில். இரண்டாவது நடையில் கண் கொஞ்சம் மங்கியது, தெரிந்தும் திரும்பவில்லை. இன்னொண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணுதான்.

நாற்காலியில் போன் அடித்தது. அவர்தான், வேறு யார். துண்டுக்குமேல் கிடந்து அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது, அடித்து ஓய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைப்பார். மறுபடி அடித்தது. நினைக்கமாட்டார். ஓய்ந்தது. பத்துப் பார், ஒரு பார் ஐம்பது கிலோ, ஐந்நூறு கிலோ ஐஸ், கிலோவுக்கு எண்பது கிலோ கலோரி உருகுவதற்கு, உருகின தண்ணீர் இந்தச் சூட்டுக்கு ஏறுவதற்கு இன்னொரு முப்பத்தஞ்சு, ஆகமொத்தம் ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சம், அதைப் பதினெட்டாயிரம் லிட்டருக்குப் பங்குபோட்டால் மூன்று டிகிரி. மூன்றுதான். பத்துப் பார் போட்டாலும் மூன்று டிகிரி, நாளை மத்தியானம் அதையும் சூரியன் வாங்கிக்கொள்ளும். இந்தக் கணக்கை அவரிடம் அவள் சொல்லவில்லை. கிளம்பும்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் ஒரு பிள்ளைக் களை, ஐஸ் வாங்கப் போகிற சந்தோஷம், சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று? புடவைக் கூரையின் கிழிசல் வழியே விழுந்த வெயில் சதுரம் அவள் தோளில் இருந்தது, இப்போது கம்பியில் இருக்கிறது. கம்பி சுட்டது. முழங்கையின் உள்பக்கம் வலித்தது, வலிப்பது நல்லது, வலிக்கிற வரைக்கும் கை இருக்கிறது.

“வடிவக்கா! போன் அடிக்குது, எடுக்கலியாக்கா?” மதிலுக்கு அந்தப்பக்கம் ஸ்டெல்லா. கொடியில் துணி எடுக்க வந்திருப்பாள், மதில் ஆளுயரம், தலை தெரியவில்லை, குரல் மட்டும். நாலு எட்டு வைத்து வாசல்வழியே சுற்றி வந்தால் ஸ்டெல்லா இங்கே இருப்பாள், பலமான பெண், இரண்டு கை கொடுத்தால் தூக்கிவிடுவாள். சந்திரவடிவு வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, “ஒண்ணுமில்ல ஸ்டெல்லா, அவரு வந்து பேசிக்கிடுவாரு” என்று வந்தது. “குளத்துலயா நிக்கிய? சாரு இல்லாமலயா?” “ஆமா. சும்மாதான் நிக்கேன்.” “பாத்துக்கா, வெயிலு மண்டையப் பொளக்குது.” கிளிப்புகள் டப்பாவில் விழுகிற சத்தம், ஒன்று, இரண்டு, செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். போய்விட்டாள். ஏன் அப்படிச் சொன்னேன்? யார் சொன்னது அது? அந்தக் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது, சோறு வடித்துவிட்டாயா என்றால் வடித்துவிட்டேன் என்பதுபோல. ஸ்டெல்லா வந்து தூக்கியிருந்தால் பத்து நிமிஷத்தில் அவருக்குத் தெரியும், தெரிந்தால் அப்புறம் அவர் கடைக்குப் போகமாட்டார், போனாலும் ஆள் வைத்துவிட்டுப் போவார், கொல்லைக் கதவுக்குப் பூட்டு வரும், நாளைக்கே மண் லோடு வரும். தூக்கிவிடுகிறவர்கள் அத்தனைபேரும் தூக்கி வேறெங்கோ வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான், மார்ச் மாசப் பரீட்சைச் சமயம், கரும்பலகை எழுத்து திடீரென்று கரைந்து சாக்பீஸ் விழுந்து அவளும் விழுந்தபோது எத்தனை கைகள் வந்தன, நாற்காலியில் உட்காரவைத்தார்கள், ஆட்டோவில் ஏற்றினார்கள், நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர் என்றார்கள், அந்த வகுப்புக்குள் அவள் திரும்பிப் போகவே இல்லை. அதனால்தான் ஒண்ணுமில்ல என்றாள். அதனால் என்றால், செத்தாலும் பரவாயில்லையா? அப்படியில்லை. அப்படித் தெளிவாக எதுவுமில்லை. ஒண்ணுமில்ல என்று சொல்லிப் பழகிவிட்டது, அவ்வளவுதான், பாதித் தடவை அது பொய் என்றுகூட நினைவில்லை.

நகர்ந்து பார்க்கலாம். கம்பி படிக்கட்டுவரை போகிறது, முழங்கையைக் கழற்றி, ஒரு சாண் தள்ளி மறுபடி மாட்டி, அப்படியே பதினாறடி. பதினாறடிக்கு எத்தனை சாண்? இருபது இருபத்தொண்ணு. இருபது தடவை கழற்ற வேண்டும், இருபது தடவை மாட்ட வேண்டும். முதல் தடவை கழற்றி மாட்டிவிட்டாள். இரண்டாவது தடவை கழற்றியதும் கால்கள் மேலே மிதந்து வந்தன, நைட்டி குடைபோல விரிந்து முகத்துக்கு முன்னால் எழுந்தது, தலை பின்னால் போனது. காதுக்குள் தண்ணீர். தலைக்குமேல் அவளுடைய புடவைகள், வெளுத்த மஞ்சள், வெளுத்த நீலம், அசையாமல். எல்லாச் சத்தமும் நின்றது. இதில் முங்கினால் குளிரக்கூடக் குளிராது, கருவில் இருக்கிறதுபோல இருக்கும் என்று ஒரு யோசனை மெதுவாக, மிக அன்பாக வந்தது, அந்த அன்பைக் கண்டுதான் அவள் பயந்தாள், அதுவரைக்கும் பயந்ததெல்லாம் பயமே இல்லை. கை எங்கேயோ அடித்தது, கம்பி, விரல் பற்றியது, நழுவியது, பற்றியது. தாடையைக் கம்பிக்கு மேலே கொண்டுவந்து வைத்தாள். இரும்பு நாக்கில் பட்டது, துரு. இருமினாள். “ஸ்டெல்லா!” என்றாள். குழறிக்கொண்டு வந்தது, நாக்கும் தடித்துவிட்டது, ஸ்டெல்லா என்பது அழுகைபோல வந்தது. “ஏ ஸ்டெல்லா! ஓடி வா!” மதிலுக்கு அந்தப்பக்கம் டி.வி.யில் யாரோ ஒருத்தி யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள், ஏ.சி. ஓடியது. கூப்பிடும்போது வரவில்லை. தானாக வந்தபோது அனுப்பிவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி. இப்போது கூச்சமே இல்லை, தெருவே வரட்டும், பூட்டுப் போடட்டும், மண் அடிக்கட்டும். யாரும் வரவில்லை. கரையில் அவள் கண்மட்டத்தில் எறும்பு ஒன்று செத்த தும்பியை இழுத்துக்கொண்டு போனது, சிமெண்டு சூடு தாங்காமல் ஓடியது, நின்றது, ஓடியது. அவர் வந்து பார்க்கும்போது என்ன பார்ப்பார்? நைட்டி. முதலில் மிதக்கிற நைட்டியைப் பார்ப்பார். ஐஸை என்ன செய்வார்? அந்தக் கேள்வி வந்து மாட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது. பத்துப் பார் ஐஸை அவர் என்ன செய்வார், திருப்பி எடுப்பார்களா, யாரிடம் சொல்வார், வாசலில் வைத்தபடி உருகவிடுவாரா.

வண்டிச் சத்தம் கேட்டதா, கேட்டதுபோல இருந்ததா என்று தெரியவில்லை. கொல்லைக் கதவு சுவரில் மோதியது தெரிந்தது. “வடிவு!” அப்புறம் அவர் ஓடிவந்த சத்தம் இல்லை, தண்ணீர் உடைந்த சத்தம்தான், சட்டை, வேட்டி, செருப்பு, எல்லாத்தோடும் குதித்துவிட்டார். இரண்டு கை அவள் கக்கத்துக்குள் வந்தது. “ஏ வடிவு, வடிவு, இந்தா நான் வந்துட்டேன், விடு, கம்பிய விடு.” விடவில்லை, விடத் தெரியவில்லை. கதவருகில் டிரைவர் சாக்குச் சுற்றிய ஐஸ் பாரைத் தோளில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். “தூக்கிருவோம்ணே, நீங்க ஒரு பக்கம்...” என்று பால்துரை அவரைக் கூப்பிட, சந்திரவடிவு தலையை ஆட்டினாள். “தூக்காதிய.” “என்ன?” “தூக்காதிய. ஐஸ... ஐஸ இங்கன போடுங்க.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, டிரைவரிடம் திரும்பி, “உள்ள விடுங்கண்ணே, மெதுவா, இவ பக்கத்துல” என்றார். சாக்கை உருவிவிட்டு விட்டார்கள். வெள்ளையும் நீலமுமாக, ஒரு பிள்ளை நீளத்துக்கு, அது முங்கி எழுந்து அவள் நெஞ்சில் வந்து முட்டியது. முட்டிய இடத்தில் உடம்புக்கு ஓர் எல்லை வந்தது. இதோ நான், இதோ தண்ணீர். அவள் அதன்மேல் கன்னத்தை வைத்தாள். இரண்டாவது பார் முதுகுப்பக்கம். மூன்றாவது. நாலாவது. அதோடு நின்றது. “நாலுதானா?” என்றாள் நாக்குக் குழற. “ரெண்டு தடவ அடிச்சேன், நீ எடுக்கல. ஏத்துன வரைக்கும் போதும், வண்டிய எடுங்கன்னு வந்துட்டேன்.” தண்ணீருக்குள் அவர் முழங்கால் இவள் காலில் வந்து இடித்தது. இடித்தது தெரிந்தது. அரை நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது, இடித்தது தெரிகிறது.

காத்திருந்தார்கள். டிரைவர் வாசலுக்குப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். பால்துரை ஒரு கையால் அவளையும் மறுகையால் நழுவிப்போகிற ஐஸையும் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏன் எறங்குன?” என்று கேட்கவில்லை. அவர் கேட்காதபோது அவளே சொன்னாள், நேற்றுப் போனில் கேட்டதை, மூடுவதற்கு முன்னால் ஒருதடவை என்று நினைத்ததை, ஸ்டெல்லா வந்ததை, ஒண்ணுமில்ல என்று அனுப்பியதை. அதைச் சொன்னபோது அவர் முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. “எனக்கு முடியல வடிவு” என்றார். நோய் வந்த இந்த ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அது வந்ததில்லை. “தண்ணியப் பத்திச் சொல்லல. கடையில உக்காந்து சுத்துதேன், காது இங்கன இருக்கு. யாரு போன் அடிச்சாலும் ஈரக்கொல நடுங்குது. குழிய மூடுனா ஒரு பயமாவது கொறையும்னு நெனச்சேன். ஒனக்காவச் சொல்லல, எனக்காவத்தான் சொன்னேன்.” அவள் அவர் கையைப் பார்த்தாள், செப்புக்கம்பி அறுத்து அறுத்துத் தடித்த விரல்கள், ஐஸில் சிவந்திருந்தன. மெதுவா மெதுவா என்று இந்தக் கை முதுகுக்குப் பின்னால் வந்தபோதெல்லாம் அது தன்னைப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். அதுவும் எதையோ பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. வலது கால் முதலில் வந்தது, பெருவிரல், அப்புறம் குதிகால். இடது கால் பின்னாலேயே, முனகிக்கொண்டு. ஊன்றிப் பார்த்தாள். நின்றது. “விடுங்க.” “வடிவு...” “விடுங்க, நிக்கேன்.” விட்டார். நின்றாள். பதினெட்டாயிரம் லிட்டருக்கு நாலு பார் ஒரு டிகிரிச் சொச்சம்தான், ஆனால் அவளைச் சுற்றி ஒரு முழத்துக்கு மட்டும் தண்ணீர் குளிர்ந்திருந்தது, மார்கழிக் காலையைப்போல. ஒரு முழம் போதுமாக இருந்தது. அந்தக் குளிர் கலைந்துபோவதற்குள் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தாள், ஒரு பாரை மார்போடு அணைத்தபடி, அவர் பக்கத்தில் தொடாமல் வர, படிக்கட்டுவரைக்கும். பாரை விட்டுவிட்டு நடுப்படியில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

“எதுக்கு இவ்வளவு தண்ணி?” என்றாள் திடீரென்று. அவருக்குப் புரியவில்லை. “பத்தடி அகலம் எதுக்கு? நான் என்ன குறுக்கயும் நெடுக்கயுமா நீந்தப்போறேன்? நடக்கத்தான போறேன். ஒரு ஆள் நடக்குற அகலத்துக்குச் செவரு எழுப்பிட்டு மிச்சத்த மூடிருங்க. மண்ணு அடிச்சே மூடிருங்க. மூணுல ஒரு பங்கு தண்ணிதான் இருக்கும், அஞ்சு பார் போட்டா அஞ்சு டிகிரி எறங்கும். அடியில வெள்ளயா ஏதாவது விரிங்க. மேல இந்தப் பொடவயே போதும், இன்னும் ரெண்டு மடிப்பாப் போடலாம்.” அவர் குளத்தைப் பார்த்தார், மனசுக்குள் செங்கல் வைத்துப் பார்க்கிற பார்வை. நடுவில் எங்கேயோ அது தட்டியது. “ஒரு ஆள் அகலம்னா, நான் எங்கன நிக்க?” “மேல. கரையில சேர் போட்டு உக்காருங்க. கம்பி சுத்துற வேலைய இங்கன கொண்டாந்து வச்சுக்கிடுங்க. நீங்க இல்லாம எறங்க மாட்டேன். ஆனா உள்ள நான் மட்டுந்தான்.” பால்துரை நனைந்த சட்டையோடு அவளுக்கு எதிரே நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார், பின்னால் நாலு ஐஸ் பாரும் திக்குக்கு ஒன்றாய் உருகிக்கொண்டு மிதந்தன. அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் நிமிர்த்தி, துணிக்கடைக்காரர் அளப்பதுபோல அவளுடைய இரண்டு தோள்களுக்கும் வெளியே தொடாமல் வைத்தார், அந்த அகலத்தை அப்படியே காற்றில் எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், கைகளை இந்தப்பக்கம் கொஞ்சமும் அந்தப்பக்கம் கொஞ்சமும் விலக்கினார்.

“ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் கூட்டிக்கிடுவோம்” என்றார். “கை வீசி நடக்கணும்லா.”